விரல்துணி

பொங்கலுக்கு ரேஷனில் கொடுத்த சேலை,
சின்னப்பாலம் முழுக்க ஒரே நீலக்கரை.
அதைக் கிழித்துத்தான் பத்து விரலுக்கும் சுற்றுகிறோம்.
முதல் கை எளிது.
அடுத்த கைக்கு முடிச்சுப் போட
பல்தான் துணை.

சவுந்தரி அன்றைக்கு என் பக்கத்துப் பாரில் மூழ்கினாள்.
போன பங்குனியில்
வனத்துறைப் படகு மறித்தபோது
என் மூட்டை எதுவென்று
விரல்நீட்டிக் காட்டியவள்.
அப்புறமும் ஒரே வள்ளத்தில் போனோம்,
ஒரே குடத்துத் தண்ணீர் குடித்தோம்.
பேச்சு மட்டும் இல்லை.

வத்தம் முடியப்போகிற நேரம்.
என் கண்ணாடிக்குள் நீர் கசிந்து
கல்லெல்லாம் இரண்டு இரண்டாய் ஆடியது.
இடுக்கில் மரிக்கொழுந்துப் பாசி,
அதைப் பற்றியிழுக்கும் ஒரு கை, நீலக்கரைத் துணி.
திடீரென்று அந்த விரல் புகைந்தது.

தண்ணீருக்குள் ரத்தம்
முதலில் புகை, பிறகுதான் சிவப்பு.

கையை உதறிக்கொண்டு மேலே வந்தேன்.
வெயிலில் விரித்துப் பார்த்தால்
கீறல்கூட இல்லை.
ஆனால் வலித்ததே.
எனக்கு வலித்ததே.

ஒரு பாகம் தள்ளி அவள் தலை எழும்பியது.
சுட்டுவிரல். எலும்பு தெரிகிற ஆழம்.

தன்னைப்போலப் பிறரை என்று
கோயிலில், சர்ச்சில், பள்ளிவாசலில்
ஸ்பீக்கர் வைத்துச் சொல்கிறார்கள்.
என்னை நான் என்றைக்கு நேசித்தேன்?
முகம் பார்த்துப் பூரித்ததில்லை.
திட்டியதுதான் அதிகம்.
விரல் கிழிந்தால் கட்டுவேன், அவ்வளவு.
நீ நல்ல விரலா என்று
கேட்டுவிட்டுக் கட்டியதில்லை.

ஒரு கையில் வள்ளத்துக் கயிறு.
மறு கையால் என் துணியை அவிழ்த்து
அவள் விரலில் சுற்றி
பல்லால் கடித்து இழுத்தேன்.
நாக்கில் கரித்தது
கடலா அவளா, தெரியவில்லை.

"இன்னும் இறுக்கு" என்றாள்.
பத்து மாதத்தில் முதல் சொல்.

மூட்டையைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
அது அங்கேதான் கிடக்கிறது,
எங்களுக்கு நடுவில், நனைந்து.
அவளைப் பிடித்துப்போய்விட்டதா என்றால், இல்லை.

திரும்பும்போது கச்சான் முகத்தில் அடித்தது.
பல்லிடுக்கில் ஒரு நீல நூல்.
குந்துகால் வரும்வரை
அதைத் துப்பவில்லை.