ஐந்தரை மணி நேரம்

வெள்ளிக்கிழமை விடியற்காலை இரண்டு மணிக்கு
காசிமேட்டில் தேசம்மாளுக்கு ஐஸ் இல்லை என்றது
நாங்கள் எழுதிய மென்பொருள்.
வியாழன் கணக்கில் கடன் வரம்பு தாண்டிவிட்டதாம்.
"வியாழன்தான் முடிஞ்சிபோச்சே" என்று அவள் கேட்டதற்கு
திரையில் சிவப்பாய் ஒரு கட்டம் மட்டும்.
கூடையில் வஞ்சிரம் வியர்க்கத் தொடங்கியிருந்தது.

தண்டையார்பேட்டை மாடி அறையில் உட்கார்ந்து
அந்த வரியை நான்தான் கண்டுபிடித்தேன்.
நேரத்தையெல்லாம் கிரீன்விச் கணக்கில் சேமித்து
நாளையும் அதிலேயே பிரித்திருந்தான் கில்பர்ட்.
அங்கே நம் இரண்டு மணி
நேற்றிரவு எட்டரை.

கில்பர்ட் எண்ணூர்க்காரன். முகம் பார்த்ததில்லை.
ஏழு மாதமாக அவன் எழுதுவதை நான் படிக்கிறேன்,
நான் எழுதுவதை அவன்.
அடைப்புக்குறிக்கு முன்னால் எப்போதும் ஓர் இடைவெளி விடுவான்.
அவ்வளவுதான் தெரியும்.

எழுதினேன்:
"கடல் பார்த்து வளர்ந்தவன்தானே நீ?
படகு எத்தனை மணிக்குக் கரைக்கு வரும் என்றுகூடத் தெரியாதா?
எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு மாற்று.
லண்டனுக்கா ஐஸ் விற்கிறோம்?"
கடைசி வரி எனக்கே பிடித்திருந்தது.
இரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.
நான் சொன்னது சரி.
அதுதான் கஷ்டம்.

மூன்று நாள் அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.
மூன்று நாளும் ஐஸ் கம்பெனி மோசஸ்
நோட்டில் கையால் எழுதினார்.
சிவப்புக் கட்டத்தின் மேல் ஒரு சீட்டு ஒட்டினார்:
மிஷின் லீவு.

திங்கள் மாலை கொருக்குப்பேட்டை கேட்.
சரக்கு வண்டி, டேங்கர் டேங்கராய்.
நாற்பதோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்.
இந்தப் பக்கம் ரோட்டை முழுக்க அடைத்து நாங்கள்.
கடைசிப் பெட்டி போனதும் தெரிகிறது,
அந்தப் பக்கமும் முழுக்க அடைத்து அவர்கள்.
கேட் தூக்கியாயிற்று.
தப்பான ஊருக்குப் போகிறவர் யாருமில்லை,
எல்லோருக்கும் வீடு எதிர்ப்பக்கம்.
ஹாரன். அதன் மேல் ஹாரன்.
தண்டவாளத்தின் நடுவில் முன்சக்கரமும் முன்சக்கரமும் முட்ட
மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து:
"நீ போற ரூட்டு கரீட்டுதாம்மா.
நான் எங்க போவேன்?"
ஒரு சாண் ஒதுங்கினேன்.
அவர் பின்னாலேயே பதினோரு வண்டி புகுந்து போனது.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரவு, எழுதியதைத் திரும்பப் படித்தேன்.
நீ இருந்தது. வளர்ந்தவன் இருந்தது. லண்டன்கூட இருந்தது.
எந்த வரியில் பிழை என்று மட்டும்
நான் சொல்லவே இல்லை.
ஆறாம் வகுப்பு இலக்கணம்தான்:
கல், கேட், பிழை எல்லாம் அஃறிணை.
கில்பர்ட் உயர்திணை.
விகுதியைத் தப்பான இடத்தில் ஒட்டியிருந்தேன்.

"நூற்றுப் பதினெட்டாவது வரி
விடியற்காலை ஐந்தரைக்கு முன்னால் உடைகிறது.
தேசம்மாளின் பில் இத்துடன்.
முன்பு எழுதியது உங்களைப் பற்றி, வரியைப் பற்றி அல்ல. மன்னியுங்கள்."
பழையதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன்.
அழிக்கவில்லை. சிரித்த இருவரும்
இதையும் படிக்கட்டும்.

நள்ளிரவு தாண்டி பதில்.
மன்னிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.
"சேமிப்பது கிரீன்விச்சிலேயே இருக்கட்டும்.
நாள் பிரிக்கும்போது மட்டும் நம் நேரம்.
நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் மாற்றினால்
பழைய பில் அத்தனையும் ஐந்தரை மணி நேரம் நகர்ந்துவிடும்."
அதுவும் சரி.
அரை நிமிடம் எனக்கு எரிந்தது.
கீழே இன்னொன்று:
"என் அப்பா படகில் போனவர் இல்லை.
அனல்மின் நிலையத்தில் நைட் ஷிப்ட்.
இரண்டு மணி எங்கள் வீட்டிலும் உண்டு."

செவ்வாய் விடியலில் தேசம்மாள் ஆறு பார் ஐஸ் வாங்கினாள்,
செவ்வாய்க் கணக்கில்.
மோசஸ் சீட்டைக் கிழித்தார். பசை பாதி திரையிலேயே இருக்கிறது.
அந்த இடத்துக்கு நாள் என்று பெயர் வைப்பதா
தேதி என்று வைப்பதா என்பதில்
அவரும் நானும் இன்னும் நிற்கிறோம்,
அவரவர் பக்கம்,
ஒரு வண்டி போகிற அளவு விட்டு.