எண் நாற்பத்தேழு

இரத்த அழுத்தம் பார்க்கிற பட்டி
என் கையைச் சுற்றி வரவில்லை.
ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனாள் தாதி
பெரியதை எடுத்து வர.
கதவு திறந்தே கிடந்தது.
வெளியே இருந்தவர்கள் என் கையைப் பார்த்தார்கள்,
நான் சுவரில் மாட்டியிருந்த
பீல் ஏரியைப் பார்த்தேன்.

அது பதினாறாம் கிழமை.
ஒரு போத்தலில் இருபத்தெட்டுக் குளிசை.
உள்ளே கோடிக்கணக்கில் உயிர் இருக்கலாம்,
வெறும் மாவாகவும் இருக்கலாம்.
விழுங்குகிற எனக்கும் தெரியாது,
தருகிற டொக்டர் பெரானுக்கும் தெரியாது.
தெரிந்த கணினிக்கோ
என்னைத் துஷாந்தினி என்று தெரியாது.

குளிரூட்டியில் சம்பல் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
பால் எடுக்கும்போதெல்லாம் கேட்பான் நிமலரூபன்:
"உன்ர ஆக்கள் சுகமோ?"
சுகம் என்பேன்.
இருந்தால்தானே சுகயீனம்.

விடிய ஒன்றாக விழுங்கிவிட்டு
வயிற்றில் எத்தனை பேர் என்று எண்ணுவேன்.
நீ ஒருத்தி, நிச்சயம்.
மற்றவர்கள் சந்தேகம்.

இருபதாம் கிழமை, காத்திருக்கும் அறையில் ரமோனா.
மணிக்கூட்டுத் தொழிற்சாலைக்காரி, எண் முப்பத்தொன்று.
கைப்பிடியில்லாத வாங்கில் எங்கள் இருவருக்கும்
இடம் சரியாக இருந்தது.
பாதி ஜெர்மனும் பாதி பிரெஞ்சுமாகக் காதுக்குள் சொன்னாள்:
ஒன்றை உடைத்து நக்கினேன்,
சுண்ணாம்பு, வேறொன்றுமில்லை.

அன்றிரவு குசினி வெளிச்சத்தில்
நானும் ஒன்றை உடைத்தேன்.
வெள்ளைத் தூள்.
நாக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த முறை மிச்சத்தைக் கொட்டி எண்ணிய டொக்டர்
ஒன்று குறைகிறதே என்றார்.
கைதவறிச் சிங்கினுள் விழுந்தது என்றேன்.
எழுதிக்கொண்டார்.
அறிவியலுக்குள் என் பங்குக்கு ஒரு பொய்.

பிறகு அந்தச் சீனித் தண்ணி.
தோடம்பழ மணம், தொண்டையில் பிசின்.
மூன்று தரம் ஊசி, இரண்டு மணித்தியாலம்,
நீ உள்ளே துள்ளிக்கொண்டிருந்தாய்.
வெறுவயிற்றுச் சீனி ஐந்து தசம் இரண்டு.
எல்லை ஐந்து தசம் ஒன்று.
அந்த ஒரு தசத்துக்காக
நாளுக்கு நான்கு தரம் விரலைக் குத்தினேன்.
காலையில் பாண் அரைத் துண்டு.
கனடாவிலிருந்து சின்னம்மா
"இரண்டு பேருக்குச் சாப்பிடு பிள்ளை" என்றா.

நீ பிறந்ததும் உன் குதியிலும் குத்தினார்கள்.
அளவு சரி.
நீதான் ஒத்துக்கொள்ளவில்லை.

உனக்குப் பல் வந்த மாதம் கடிதம் வந்தது:
இரு பகுதியினருக்கும் இடையில்
சீனியில் வேறுபாடு காணப்படவில்லை.
பங்களித்தமைக்கு நன்றி.
எனக்குக் கிடைத்தது எது என்று அறிய
கீழே ஒரு பெட்டி, புள்ளடி போட.
பேனையை நீ பறித்து வாயில் வைத்தாய்.

"அப்ப உன்ர ஆக்கள்?" என்றான் நிமலரூபன்.
போயிட்டினம் என்றேன்,
வந்திருந்தால்.