முன்வரிசை

இரவு ஒன்றரை. உவர்மலையில்
எல்லா வீட்டு விளக்கும் அணைந்தாயிற்று.
நான் மட்டும் முன்வரிசையில்.

மேடை நீருக்கடியில். பாடகி
எங்கோ பனிநாட்டில் உண்மையாகவே பாடுகிறாள்:
நடுவில் இருமினாள்,
மன்னிப்புக் கேட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.
அந்த இருமலுக்காகத்தான் விழித்திருக்கிறேன் போல.

எனக்கங்கே நீலத் தோல். முழங்கால் வலிக்காது.
பக்கத்தில் கொம்பு வைத்த ஒருவன்
தாளம் தப்பித் தப்பி ஆடுகிறான்.
எந்த ஊர் என்று கேட்டான்.
திருகோணமலை.
கடல் இருக்கிறதா?
மூன்று பக்கமும்.

டேட்டா இன்னும் இரண்டு பாட்டுக்குத்தான் காணும்.

கடைசிப் பாட்டு முடிய
கைதட்டும் பொத்தானை அழுத்தினேன். போதவில்லை.
உள்ளங்கை இரண்டாலும் தட்டினேன், சத்தமாக.

யன்னலுக்கு வெளியே
அட்டைப்பெட்டி மென்றுகொண்டிருந்த மான்
தலை தூக்கிப் பார்த்தது.
ஓடவில்லை.
வாயோரம் பாதி அட்டை,
காது மட்டும் என் பக்கம்.