நான் குனிந்திருந்தபோது

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்:
அந்த கோலை நான் பார்க்கவில்லை.

மைதானத்தில் இருந்தேன். அதில் பொய்யில்லை.
ஆகஸ்ட் குளிர். மோன்டேவீடியோவின் மேற்குக் கடைசி.
பந்தனோசோ ஓடையிலிருந்து வரும் காற்றில்
இறைச்சி ஆலையின் கொழுப்பு வாடை.
ஆயிரத்து இருநூறு பேர்,
ஆளுக்கொரு வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கி
மாத்தே உறிஞ்சிக்கொண்டு
நடுவரின் ஏழு தலைமுறையையும் இழுத்துக்கொண்டு.

எண்பத்தேழாவது நிமிடம். ஒன்றுக்கு ஒன்று.
சமன் செய்தாலும் போதாது,
இரண்டாம் பிரிவுக்கு இறங்கவேண்டும் எங்கள் அணி.
பின்னால் நின்ற ரூபென் மச்சாதோ தும்மினான்.
அவன் முழங்கை இடித்ததில் குடுவை நழுவி
படியில் விழுந்து
உள்ளே கண்ணாடி நொறுங்குகிற சத்தம்.
தங்கை முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது.
குனிந்தேன்.

அவ்வளவுதான்.
நிமிர்வதற்குள் உலகம் எழுந்து நின்றிருந்தது.
யாரோ என் காதைக் கடித்தார்கள்.
யாருடைய பல்செட்டோ என் காலருகே கிடந்தது.
ரூபென் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான்.
நானும் அழுதேன்,
குடுவைக்கா கோலுக்கா என்று
இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியாது.

படம் பிடிக்க அன்று யாரும் வரவில்லை.
கேமராக்கள் பெரிய அணிகளோடு போயிருந்தன.
வானொலிக்காரர் எங்களை நாற்பது நொடியில் முடித்துவிட்டார்.
இனி அந்த கோல் எங்கள் வாயில்தான் பிழைத்தாகவேண்டும்.
என் வாய் பெரியது.

மறுநாள் ஆலையில் சொன்னேன்:
வலது ஓரம், இரண்டு பேரை ஏமாற்றினார்.
மச்சானின் கல்யாணத்தில்: மூன்று பேர்.
மகள் மர்லேனே பிறந்த இரவில் செவிலியிடம்:
நான்கு பேர், அதில் ஒருவன் வழுக்கிப்போய்
விளம்பரப் பலகையை உடைத்தான்.
இடது கால், வெளிப்பக்கம். பந்து வளைந்து
கம்பத்தின் உட்புறம் உரசி உள்ளே.
கோல் எப்படி விழுந்தது என்று
பார்த்தவர்களே என்னிடம் வந்து கேட்டார்கள்.
ரூபென்கூட.

அதன்பின் எத்தனையோ உலகக் கோப்பைகள்,
எத்தனையோ நட்சத்திரங்கள்.
ஒரே கோலைப் பன்னிரண்டு கோணத்தில் காட்டுகிறார்கள்,
வியர்வைத் துளியை எண்ணும் அளவுக்கு.
அழகுதான்.
ஆனால் அதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

சென்ற மார்ச்சில் எலும்பு மருத்துவமனை.
என் டோக்கன் அறுபத்தொன்று.
அறுபத்திரண்டு பக்கத்து நாற்காலியில்,
கைத்தடிமேல் இரு கையும் வைத்து.
செவிலி வந்து பெயரைச் சரிபார்த்தாள்:
"பாஸ்தரீக்கா, எதெல்மீரோ."
என் நல்ல முழங்காலும் ஆடிப்போயிற்று.

ஒன்பதாம் எண் சட்டை. எங்கள் ஒன்பது.
மூன்று பருவம், மொத்தம் ஐந்து கோல்.
மற்ற நான்கைப் பெற்றவளே மறந்திருப்பாள்.

"அன்றைக்கு நான் அங்கே இருந்தேன்" என்றேன்.
எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
கடன் கேட்கிறவர் குரலில்:
"பார்த்தீர்களா? எப்படி இருந்தது?
எனக்குக் கண்ணில் சேறு.
எதிலோ பட்டது. முழங்காலாக இருக்கலாம்.
எல்லோரும் கத்தினார்கள், நானும் ஓடினேன்."

இத்தனை வருஷத்துப் பொய்யை
இவரிடமேவா விற்பது?
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
ஆனால் அந்த முகம்,
பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவன் முகம்.

சொன்னேன்.
நான்கு பேரையும் சொன்னேன்.
பலகை. இடது கால். கம்பத்தின் உட்புறம்.
எதிரே இருந்த அம்மாள்
எக்ஸ்ரேயை மடியில் கவிழ்த்துவிட்டுக் கேட்டாள்.
அவருடைய இடது பாதம், செருப்புக்குள்,
ஒருமுறை உள்ளே மடங்கி வெளியே விசிறியது.

"ஆமாம்" என்றார்.
"காற்றை விட்டுவிட்டீர்களே.
ஓடைப் பக்கத்துக் காற்று.
அதை நம்பித்தானே அப்படி அடித்தேன்."

அறுபத்தொன்று, அறுபத்தொன்று என்று
உள்ளேயிருந்து கூப்பிடுகிறார்கள்.
நான் எழவில்லை.
காற்றையும் சேர்த்து
முதலிலிருந்து தொடங்கியிருந்தேன்.