சத்தம் மாறிய இடம்

பதிவேட்டில் அவர் எண் நாற்பத்தொன்று.
அர்த்தனாரி, செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை.
வலது இடுப்பு. பந்துமூட்டு ரத்தமில்லாமல் செத்துப்போயிருந்தது.
சிமெண்ட் வைக்காத தண்டு.
வயது அப்போது நாற்பத்தாறு.

படம் எடுப்பதும் வருஷத்துக்கொருமுறை போன் செய்வதும் என் வேலை.
வலிக்கிறதா, நொண்டுகிறீர்களா,
படியேறக் கைப்பிடி வேண்டியிருக்கிறதா.
ஆடியில கூப்பிடாதீங்க மேடம் என்பார்,
ஆர்டர் கழுத்தை நெரிக்கும்.

முதல் படத்துக்கு வந்தபோது சொன்னார்:
முதுகுல ஊசி. இடுப்புக்குக் கீழ மரக்கட்டை.
காது மட்டும் முழிச்சிருந்துச்சு.
டாக்டர் சுத்தியால அடிக்கிறார்
டொக், டொக், டொக்.
எட்டாவதோ ஒன்பதாவதோ அடியில
டொக் போயி கிண்ணுன்னு ஒண்ணு.
உள்ளுக்குள்ளயே சொன்னேன்,
போதும் சார், உக்காந்துருச்சு.
அவரும் அதோட நிறுத்திட்டார்.

டாக்டரிடம் இதைச் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
இன்னும் ஓர் அடி போட்டிருந்தால்
எலும்பு பிளந்திருக்கும் என்றார்.

ஆறாவது வாரப் படத்தில்
தண்டு இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.
ஸ்கேலை வைத்து மூன்று முறை அளந்தேன்.
வெளியே பெஞ்சில் வாக்கரைப் பிடித்தபடி அவர்,
பட்டறைக் கடனை மனைவியிடம் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.
இன்னும் ஆறு வாரம் கால் ஊன்ற வேண்டாம், அவ்வளவுதான் மருந்து.
ஒட்டுவதற்கு ஒன்றும் வைக்கவில்லை.
எலும்பே வந்து
சொரசொரப்பான அந்த உலோகத்தின் துளைகளில் நுழைய வேண்டும்,
அது வருகிற நேரத்துக்கு.

மூன்றாம் மாதம் அதே இரண்டு.
ஓராண்டில் அதே இரண்டு.
பத்தாம் ஆண்டில் ஸ்கேலை எடுக்கவே சோம்பல்,
ஆனாலும் எடுத்தேன். இரண்டு.

தண்டின் தோள்பக்கம் மட்டும்
எலும்பு வருஷா வருஷம் மெலிந்தது.
பாரத்தை உலோகம் வாங்கிக்கொண்டால்
எலும்புக்கு அங்கே என்ன வேலை.
கீழே திடமான வெள்ளை.
மேலே, மாக்னசைட்டைத் தோண்டிக்கொண்டு போன பிறகு
ஓமலூர் ரோட்டிலிருந்து தெரிகிற கரடு.

பதினாறாம் வருஷம் வைகாசியில் அவரே கூப்பிட்டார்.
சேர்வராயன் குகைக்குள்ள போயி
சாமி பாத்துட்டு வந்துட்டேன் மேடம்.
ரொம்பக் குனியக்கூடாதுன்னு எழுதிக் குடுத்தீங்கல்ல,
அதைச் சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் குனிஞ்சேன்.
பின்னால் ஏற்காட்டு மழை
பஸ் கூரையில் விழும் சத்தம்.

இந்த வருஷம் மகன் எடுத்தான்.
அப்பா போயி நாலு மாசங்க. மாரடைப்பு.
காலு நல்லாத்தான் இருந்துச்சு.
அன்னிக்குக் காலையிலகூட மாடியேறித்தான் பட்டறைக்குப் போனாரு.
கொஞ்சம் தயங்கினான்.
எலும்பு பொறுக்கையில அந்தத் தண்டு கெடைச்சுதுங்க.
காவேரியில போட மனசு வரல.
பட்டறையில வெச்சு ஊதிப் பாத்தோம்.
வெள்ளி உருகுற தீக்கு
அது நீலமா நிறம் மாறுச்சு, அவ்வளவுதான்.
அதுமேல ஒரு துண்டு எலும்பு,
சுண்டுவிரல் நகமளவு, சுண்ணாம்பா நிக்குது.
தட்டினாலும் வர மாட்டேங்குது.
ஆஸ்பத்திரியில வாங்கிக்குவீங்களா?

பதிவேட்டில் மூன்று கட்டங்கள்.
நிற்கிறது. எடுக்கப்பட்டது. காலமானார்.
காலமானவர்களுக்கு வரைபடத்தில்
ஒரு சின்னக் கீறல் போட்டு அங்கேயே விட்டுவிடுவோம்.
தண்டு தோற்றால்தான் கோடு இறங்கும்.
ஆள் போனால் இறங்காது.

நாற்பத்தொன்றுக்குக் கீறல் போட்டேன்.
கோடு இருந்த உயரத்திலேயே இருந்தது.
போனில் மகன் இன்னும் காத்திருந்தான்.
வாங்கிக்கொள்ள எங்களிடம் கட்டம் இல்லை.
தட்டாதீங்க என்றேன்.
அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அடுத்து நாற்பத்திரண்டு, கொண்டலாம்பட்டி, இடது இடுப்பு.
மணி அடிக்கிறது.
யார் எடுக்கிறார்களோ.