கல்லடிப் பாலத்துக்கு முன்னால்

கல்முனையில் ஏறினோம், ஒன்பது பேர்.
பஸ் இல்லை.
கூட்டுறவுச் சங்கத்தின் பழைய உரமூட்டை மண்டபம்,
சுவரிலிருந்து சுவருக்கு இருபத்திரண்டு எட்டு,
செவ்வாயும் வியாழனும்
அஸர் தொழுகை முடிய நாலரைக்கு.

ஆஸ்பத்திரியில் எட்டுக் கிழமை பழக்கினார்கள்.
கடைசி நாள் ஒரு கடுதாசி தந்து
"இனி நீங்களாச் செய்யுங்கோ" என்றார்கள்.
நாங்களாக என்றால்
மூன்றாம் நாளே கட்டிலில் கிடந்தோம்.
வீட்டில் எல்லாரும் நல்லவர்கள்:
வாளி தூக்க விடமாட்டார்கள்,
படி ஏற விடமாட்டார்கள்,
விட்டால்
எங்கள் மூச்சையும் தாங்களே விட்டுவிடுவார்கள்.

றினோஸா மிஸ்தான் மறுகா கூட்டிச் சேர்த்தா.
மணல் நிரப்பின சோடாப் போத்தல் கைக்கு இரண்டு,
பிளாஸ்டிக் கதிரை ஒன்பது,
விரலைக் கவ்வும் குட்டி மிஷின் ஒன்று.
நடக்கையில் பேச முடிய வேணும்,
பாட முடியக் கூடாது,
அதுதான் வேகம் என்றா.

என்ன பேசுவது?
வருத்தத்தைப் பேசினால் நெஞ்சு அடைக்கிறது.
எலெக்‌ஷனைப் பேசினால்
மிஷினில் நூற்று முப்பது.
அப்போதுதான்
மட்டக்களப்பு றோட்டில் இருபத்தாறு வருஷம்
மிதிபலகையில் தொங்கின என் வாய்
தானாகத் திறந்தது:

பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை!

அன்றிலிருந்து
ஒரு சுற்று, ஒரு ஹோல்ட்.
ஊரின் பெயர் சொல்ல மூச்சு வராதவர்
"இறக்கம்" என்று கை தூக்கிக்
கதிரையில் இறங்க வேணும்.
பஸ்ஸை விட்டு இறங்க
ஆர் வெட்கப்பட்டது?

உதுமாலெவ்வைக் காக்கா
சம்மாந்துறை மில்லில் உமித்தூசு குடித்த சுவாசப்பை.
பெரியகல்லாறு அவருக்கு மெத்தப் பெரிய ஊர்,
பெயரிலேயே பாதி மூச்சுப் போய்விடும்.
உதட்டைக் குவித்து
சுடர் அணையாமல் ஆடுகிற அளவுக்கு ஊதி ஊதி
அங்கே இறங்குவார்.

பாக்கியவதிக்கு முப்பத்தெட்டு. வால்வு மாற்றின நெஞ்சு.
ராவில் வெளியே டிக் டிக் கேட்குமாம்,
"மணிக்கூட்டுக் காசு மிச்சம்" என்பா.
அவ களுவாஞ்சிக்குடி தாண்டுவா.

வெல்டிங் பெலிசியன் சட்டைப்பையில்
சுருட்டு மணத்த அன்று
டிக்கெட் எடுக்காதவனைப் பார்க்கிற பார்வை பார்த்தேன்.
பின்பக்கம் போய்
எறிந்துவிட்டு வந்தார்.
எறிந்தது ஒன்றுதான். மிச்சம் கேட்கவில்லை.

மார்கழி மழையில் ஒரு வியாழன்,
கூரை ஒழுகி வாளி வைத்த நாள்,
காக்கா கல்லாறு தாண்டினார்.
கோட்டைக்கல்லாறும் தாண்டினார்.
"பாலத்தில காத்து, கம்பியைப் பிடிங்க" என்றேன்.
சிரித்தார். சிரிப்பு இருமலாகி
எண்பத்தொன்பது காட்டியது மிஷின்.
ஓந்தாச்சிமடத்தில் அவரை இறக்கியது
மூச்சு இல்லை, சிரிப்பு.

எங்கள் பஸ் கல்லடிப் பாலம் ஏறாது.
அந்தப் பக்கம் போனால்
பெரியாஸ்பத்திரி வாசல்.
போன வழி எல்லாருக்கும் தெரியும்.
ஆகவே
இந்தக் கரையில் நின்று
திருப்பிவிடுவது எங்கள் சட்டம்.

போன செவ்வாய்
களுதாவளை என்றேன்,
தேற்றாத்தீவு என்றேன்.
இடது கைக்குள்
ஆரோ கயிறு முறுக்கினார்கள்.
பேசிக்கொண்டே போனால் தெரியாது என்று
குருக்கள்மடம் என்றேன்.

"கொண்டக்டர்,
செட்டிபாளையம் எங்க?"
பின்னால் நின்றுவிட்டா பாக்கியவதி.

எத்தனை ஆயிரம் வாயால் கேட்ட சொல்.
மாதவணைச் சீட்டுக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளை,
மீன் பெட்டியோடு வந்தவர்,
தூங்கி எழும்பிப் பதறினவர்.
நான் ஒரு நாளும் சொன்னதில்லை.
கடைசி ஹோல்டில்
பஸ்ஸே என்னை இறக்கும்.

இறக்கம், என்றேன்.

கதிரை வந்தது. விரலுக்கு மிஷின் வந்தது.
நாக்குக்குக் கீழே குளிசை.
மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தா, என்னைப் பார்த்தா,
போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டா.
மற்றவர்கள் சுவரோரம் நிற்கிறார்கள்,
நடக்கவும் இல்லை, இருக்கவும் இல்லை.
கயிறு மெல்ல நெகிழ்ந்தது.

அப்போது தன் கதிரையிலிருந்து
இரண்டு மூச்சுக்கு ஒரு துண்டாகக் காக்கா:
"செட்டி... பாளையம்.
ஏறினவங்க... உள்ளுக்குப் போங்க.
ரைட்."