நாற்பத்தாறு கோப்பைகள்

அந்த விளையாட்டில் நான்
அறுநூறு முறை மூழ்கிச் செத்திருக்கிறேன்.
அதுதான் வேலை.
ப்ர்னோ நகரத்துப் பழைய நூற்பாலையின் மூன்றாம் மாடியில்
சுவர்களில் போய் முட்டுவது,
பாலத்தின் ஓரத்திலிருந்து குதித்துப் பார்ப்பது,
வாய் திறக்கக் கூடாத நேரத்தில்
ஓநாயிடம் பேச்சுக் கொடுப்பது,
எங்கே உடைகிறதென்று எழுதி வைப்பது.

கதை நல்ல கதை.
பச்சைக் கோட்டு நீர்மனிதன் ஏரிக்கு அடியில் குடியிருக்கிறான்.
கோட்டின் இடது வால் எப்போதும் சொட்டும்.
மூழ்கியவர்களின் உயிர்களைப்
பீங்கான் கோப்பைகளுக்குள் கவிழ்த்து
அலமாரியில் அடுக்கி வைக்கிறான்.
தங்கையைத் தேடி இறங்குகிறாள்
செருப்புத் தைப்பவர் மகள் ரொஸார்கா,
ஒரு லாந்தரும்
ஒற்றைக் காலில் பூட்ஸுமாய்.

மொத்தம் நாற்பத்தேழு கோப்பைகள்.
தட்டினால் ஒவ்வொன்றிலும் ஒரு குரல்.
நடிகர்களுக்குக் கொடுக்கக் காசில்லை,
அதனால் குரல்களெல்லாம் நாங்கள்தான்.
கணக்கு பார்க்கும் ட்ராஹோமிரா இருமுகிறாள்.
வோய்ட்யெக், 'மாட்டுக்குத் தண்ணி காட்டணுமே' என்கிறான்.
பீட்சா கொண்டு வந்த பையன்கூட
ஒன்றில் மாட்டிக்கொண்டு சிரிக்கிறான்.
முப்பத்தொன்றாவது,
நீலப் பூப் போட்டது, விளிம்பு சில்லுடைந்தது,
அதில் நான்.
'யாரது?'
ஒரே சொல். பதினான்கு தடவை பதிந்தோம்.

முடிவு எழுதப்பட்ட நாள் எனக்குத் தெரியும்.
பிப்ரவரி. வியாழக்கிழமை.
பணம் நின்றுபோன வாரம்.
யாரோ இரண்டு பேர் வந்து
நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
ஹைநெக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து
மூன்று மணி நேரத்தில் எழுதினான்:

எங்கிருந்தோ ஒரு ராஜா வருகிறார்.
(இருபது மணி நேர ஆட்டத்தில்
அந்த ஆளை ஒருவரும் பார்த்ததில்லை.)
கையைத் தட்டுகிறார். ஏரி வற்றுகிறது.
ஒரு கோப்பை திறக்கிறது. தங்கை.
ராஜா மகனுக்கும் ரொஸார்காவுக்கும் கல்யாணம்.
நீர்மனிதன் அக்கார்டியன் வாசிக்கிறான்.
சுபம்.

'மணி அடித்தது, கதை முடிந்தது'
என்று சொல்லித்தான் முடிப்பார்கள் எங்கள் ஊரில்.
ஹைநெக் அந்த மணியைக்கூடப் போடவில்லை.
ஒலிக்கோப்பு கிடைக்கவில்லையாம்.

பிழை எண் 2119 என்று பதிந்தேன்:
மீதி நாற்பத்தாறு கோப்பைகள் மூடியே கிடக்கின்றன.
மாலைக்குள் பதில் வந்தது:
பிழையல்ல. மூடப்பட்டது.

அவன்மேல் கோபமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.
அந்த மாதம் அவன் மகளுக்குப்
பல்லில் கம்பி கட்ட வேண்டியிருந்தது,
அதுவும் தெரியும்.

இப்போது லிஃப்ட்களைச் சோதிக்கிறேன்.
ஒழுங்கான முடிவுகள்.
கதவு திறக்கும், ஆட்கள் வெளியே வருவார்கள்.

நேற்று நான்காம் எண் ட்ராமில்
எதிர் இருக்கையில் ஒரு பையன்,
கழுத்தில் ஸ்கேட்டிங் பூட்ஸ்,
கையில் அந்த ஏரி.
ராஜா வந்தார். அக்கார்டியன் கேட்டது.
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்,
வீட்டில் தீய்ந்துபோன சமையலை
விருந்தாளி வாயில் வைக்கும்போது பார்ப்போமே
அப்படி.
'அவ்வளவுதானா?' என்றான், யாரிடமும் இல்லை.

பிறகு பழைய சேமிப்பைத் திறந்தான்.
லாந்தரோடு மறுபடி இறங்கினான்.
அலமாரிக்கு முன்னால் நின்று
முதல் கோப்பையைத் தட்டினான்.
இருமல்.
அடுத்தது. மாடு.
தட்டினால் புள்ளி கிடையாது, சாவி கிடையாது,
எனக்குத் தெரியும், அவனுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும்.
நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போயிற்று.
அதற்கடுத்ததும்.

'யாரது?'
நான்கு வருடம் இளைய என் குரல்,
கம்பளிக் கையுறைக்குள்ளிருந்து.

அவன் திரையை வாயருகே கொண்டுபோய்
மெதுவாகச் சொன்னான்:
'நான்தான். ஷிமோன்.'

ட்ராம் மணி அடித்தது.
அவன் முப்பத்திரண்டாவதற்கு நகர்ந்தான்.